பேப் ரூத்தின் கை பட்ட பந்துதானா?

அன்னை தெரசா பேஸ்பால் ஒன்றைக் கையில் வாங்கி, பேனா எடுத்து, அதன் வெள்ளைத் தோலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பாரா? 1990களின் கடைசியில் அப்படிப்பட்ட பந்துகள் அமெரிக்காவில் விற்பனைக்குத் தயாராக இருந்தன. எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்று பெயர் வைத்து நடத்திய வேட்டையில் அகப்பட்ட கலிஃபோர்னியா கும்பலின் கைவேலை அது. கும்பலைத் தேடிப் போவதற்கு ஒரு வீரரே காரணமாக இருந்தார். சான் டியாகோ பாட்ரெஸ் அணியின் நட்சத்திரம் டோனி குவின், சொந்த அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்பதைக் கண்டுபிடித்தார். சந்தையில் புழங்கும் ஆட்டோகிராஃப்களில் பாதிக்கு மேல் போலி என்பது அப்போது எஃப்.பி.ஐ. போட்ட கணக்கு.

இவ்வளவு புரட்டு நடக்கும் சந்தையில் ஒரு பழைய பந்துக்குச் சேகரிப்பாளர்கள் எந்தத் தைரியத்தில் லட்சக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள்? அந்தத் தைரியத்தில் பாதி வேதியியலும் இயற்பியலும் கொடுத்தது. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டது.

முதலில் பந்து. கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரியது, கொஞ்சம் எடை குறைந்தது. எட்டு என்ற எண்ணைப் போல வெட்டிய இரண்டு தோல் துண்டுகளை 108 இரட்டைத் தையல்களால் பிணைத்திருப்பார்கள். தையல் வரிசைகள் இரண்டும் நெருங்கி வரும் குறுகலான இடத்துக்கு ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்று பெயர். பெரிய ஆட்டக்காரரின் தனிக் கையெழுத்து அங்கே இருந்தால்தான் ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும். பழைய பந்துகளில் இன்னொரு பக்கம் லீகின் தலைவர் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும். துப்பறிய வேண்டியவருக்கு இந்த முத்திரை பெரிய உதவி. அமெரிக்கன் லீகில் 1927 வரை பான் ஜான்சன், பிறகு எர்னஸ்ட் பர்னார்ட், 1931 முதல் 1959 வரை வில்லியம் ஹாரிட்ஜ், அதற்குப் பின் ஜோ குரோனின். பேஸ்பாலின் முடிசூடா மன்னன் பேப் ரூத் இறந்தது 1948 ஆகஸ்டில். குரோனின் முத்திரை உள்ள பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால் அது ஆவி போட்ட கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும். தோலும் சாட்சி சொல்லும்: 1974க்கு முன் குதிரைத் தோல், பின்பு மாட்டுத் தோல். 1930களின் தொடக்கம்வரை அமெரிக்கன் லீக் பந்துகளில் சிவப்பும் நீலமும் கலந்த நூல், அதன் பின் சிவப்பு மட்டும்.

அடுத்தது மை. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945 அக்டோபரில், நியூயார்க்கின் கிம்பெல்ஸ் அங்காடியில். ஒன்று பன்னிரண்டரை டாலர். ரூத்தின் சக ஆட்டக்காரர் லூ கெரிக், இன்று அவர் பெயராலேயே அமெரிக்காவில் அறியப்படும் நரம்பு நோயால் 1941 ஜூன் 2 அன்று இறந்துவிட்டார். ஆகவே பால்பாயின்டில் எழுதிய கெரிக் கையெழுத்தைச் சோதித்துப் பார்க்கவே தேவையில்லை. பால்பாயின்டின் குண்டு தோலில் பள்ளம் பதித்துக்கொண்டு போகும். அதன் எண்ணெய்ப் பசை மை அந்தப் பள்ளத்தின் விளிம்புகளில் ஒதுங்கி நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும், தெரிந்துவிடும்.

அதற்கு முந்தைய ஊற்றுப் பேனா மைகளில் ஒரு வகை நமக்குப் பழைய சொந்தம். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து நம் ஊரில் கறுப்பு மை காய்ச்சியது போலவே, அங்கே மாசிக்காயின் துவர்ப்புச் சத்தையும் இரும்பு உப்பையும் சேர்த்தார்கள். எழுதும் நேரத்தில் இது வெளிறியிருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பைத் தாக்கியதும் கறுத்து, எழுதிய பொருளின் இழைகளுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். பல பத்தாண்டுகள் போனால் பழுப்பாகும். அந்தப் பழுப்பை நேற்றைய மையில் நிறம் கலந்து வரவழைத்துவிடலாம்; இழைக்குள் நடந்த வேதிவினையை வரவழைப்பது அத்தனை சுலபமில்லை.

கையெழுத்து தாளிலோ புகைப்படத்திலோ இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தாள்களை வெள்ளை வெளேரென்று காட்ட ஒளியூட்டும் ரசாயனங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் பொருள்கள் இவை. நம் சலவைத் தூளிலும் இருக்கின்றன. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டும்போது 1915ஆம் ஆண்டுப் படம் என்று வந்த தாள் நீலமாகச் சுடர்விட்டால், வியாபாரம் அத்தோடு முடிந்தது.

கைதேர்ந்த ஏமாற்றுக்காரனுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? அவன் ஹாரிட்ஜ் முத்திரையுள்ள பழைய வெற்றுப் பந்தைத் தேடிப்பிடிப்பான்; பழைய மைப்புட்டியையும் வாங்கிவிடுவான். அவனிடம் இல்லாதது ரூத்தின் கை. அடுத்த சோதனை அங்கேதான்.

ஆயிரக்கணக்கான முறை போட்டுப் பழகிய கையெழுத்தை மூளை ஒரே கட்டளையாகத் தசைகளுக்கு அனுப்பிவிடுகிறது. ஓரிரு நொடியில் வேலை முடிகிறது. கண் பார்த்து, மூளை திருத்தி, கை மாறுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு நேரம் ஆகும். பழகிய கை அதற்குள் அடுத்த எழுத்துக்குப் போயிருக்கும், திருத்தவே வாய்ப்பில்லை. அதனால் கோடு வழுக்கிக்கொண்டு ஓடும்; பேனா ஓட்டத்திலேயே மேலெழும்புவதால் முனைகள் மெலிந்து மறையும். போலி போடுபவனோ ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பார்த்து வரைகிறான். கோட்டில் நுண்ணிய நடுக்கம் ஏறும். தயங்கிய இடத்தில் மை தேங்கும். தொடக்கமும் முடிவும் மொண்ணையாக நிற்கும். உருவம் அச்சு அசலாக இருக்கும், ஓட்டம் இருக்காது. பழக்கங்களும் காலத்தோடு மாறுகின்றன: 1920களின் பிற்பகுதிவரை ரூத் தன் செல்லப் பெயரான ‘பேப்’ என்பதை மேற்கோள் குறிகளுக்குள் எழுதினார், பிறகு விட்டுவிட்டார். 1940களின் பந்தில் அந்தக் குறிகளைப் பார்த்தால் நிபுணரின் புருவம் உயரும்.

இத்தனை சோதனைகளும் செய்வது ஒன்றைத்தான்: இது அசலாக இருக்க முடியாது என்று கழிக்கின்றன. எல்லாவற்றையும் தாண்டி வந்த பந்து அசல் என்று அவற்றால் அடித்துச் சொல்ல முடிவதில்லை. அந்தக் காலத்திலேயே அணியின் எடுபிடிப் பையன்கள் நட்சத்திரங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது உண்டு. அதே பந்து, அதே மை, அதே ஆண்டு. கை மட்டும் வேறு. ஏலப் பட்டியலில் பொருளோடு வரும் சான்றிதழை நான் தேர்ந்த கண்ணுள்ள ஒருவரின் அபிப்பிராயமாகவே எடுத்துக்கொள்வேன். அபிப்பிராயத்துக்கு என்ன நேரும் என்பதற்கு ஹோனஸ் வாக்னர் அட்டையே போதும். 1909–11இல் சிகரெட் பெட்டியோடு வந்த அந்த அட்டைகளில் வாக்னர் படம் மிக அரிது. அவற்றில் ஒன்று 1991இல் 4,51,000 டாலருக்கும் 2007இல் 28 லட்சம் டாலருக்கும் விலைபோனது. மதிப்பிட்டவர்கள் அதற்குப் பத்துக்கு எட்டு கொடுத்திருந்தார்கள். அதன் ஓரங்களைத் தானே நறுக்கிச் சீராக்கியதாக, ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார்.

அசல்தானா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதிலை மிக அருகில் நெருங்குவது, வீரர் ஆட்டத்தில் போட்டிருந்த சட்டைதான். 1932 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், சிகாகோவின் ரிக்லி மைதானத்தில், ரூத் கையை நீட்டிக் காட்டிவிட்டு ஹோம் ரன் அடித்தார் என்பது பேஸ்பாலின் பெரிய புராணம். அன்று அவர் போட்டிருந்த சாம்பல் நிறச் சட்டை 2024 ஆகஸ்டில் 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதே சட்டை 2005இல் விற்றது 9,40,000 டாலருக்கு. நடுவில் நடந்த முக்கியமான காரியம், அன்றைய ஆட்டப் படங்களோடு ஒப்பிட்டுச் செய்த சோதனை. மார்பில் ‘நியூயார்க்’ என்ற எழுத்துகளைக் கையால் வைத்துத் தைத்திருந்ததால் எந்த எழுத்து எந்தப் பொத்தானுக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது, எங்கே சாய்கிறது என்பது சட்டைக்குச் சட்டை மாறும். படத்தில் தெரியும் அந்தக் கோணல்கள் கையிலுள்ள சட்டையிலும் அப்படியே அமைந்திருந்தால் தற்செயல் என்று தள்ள முடியாது. ரூத் உண்மையிலேயே எதைக் காட்டினார் என்பது மட்டும் இன்றுவரை வழக்கில் இருக்கிறது. அதைச் சட்டை சொல்லாது.

ஆபரேஷன் புல்பென்னுக்குப் பிறகு மேஜர் லீக் பேஸ்பால் நுண்ணோக்கியை நம்பிக்கொண்டிருக்கவில்லை. 2001இல் சாட்சி முறைக்கு வந்தது. பணியிலுள்ள அல்லது ஓய்வு பெற்ற காவல் துறையினர் ஆட்டத்தின்போது மைதானத்திலேயே இருப்பார்கள். பந்து தங்கள் கண்ணெதிரே வந்தால் எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டுவார்கள். கண்பார்வை விட்டுப் போனதற்கு ஒட்டுவதில்லை. வேதியியலை விட்டுவிட்டு நீதிமன்ற வழக்கத்துக்குத் திரும்பியதாக இதைப் பார்க்கலாம்.

நீதிமன்றம் என்றதும் ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சன் நினைவுக்கு வருகிறார். 1919 உலகத் தொடர் சூதாட்ட ஊழலில் சிக்கி ஆயுள் தடை வாங்கிய மகத்தான மட்டையாளர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ரசிகர்களுக்குப் போன ஜாக்சன் கையெழுத்துகளில் பெரும்பாலானவை மனைவி கேட்டி போட்டவை. ஜாக்சன் தானே போட நேர்ந்தால் எழுத்துகளைப் படம் வரைவது போல, தயங்கித் தயங்கி வரைவார். மேலே சொன்ன விதி இவரிடம் தலைகீழாகிறது: வேறு எவர் பெயரிலும் போலியைக் காட்டிக்கொடுக்கும் நடுக்கமும் தேக்கமும் இங்கே அசலின் அடையாளம். சரளமாக ஓடும் ஜாக்சன் கையெழுத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அவர் கையெழுத்திட்ட 1911ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று 2021இல் 14.7 லட்சம் டாலருக்குப் போனது.

எவரும் மறுக்க முடியாத ஒரு ஜாக்சன் கையெழுத்து தென் கரோலினாவின் கிரீன்வில் மாவட்டத்தில் இருக்கிறது. அவருடைய உயில் அது. உயில் என்பதால் சாட்சிகள் முன்னிலையில் போட்டது. கேட்டி தன் சொத்தை அமெரிக்க இதயச் சங்கத்துக்கும் புற்றுநோய்ச் சங்கத்துக்கும் எழுதிவைத்திருந்தார். அந்த உரிமையில், உயிலின் மூலப் பிரதியைத் தங்களுக்குத் தர வேண்டும் என்று இரண்டு சங்கங்களும் வழக்குப் போட்டன. அந்தக் கையெழுத்து சந்தையில் என்ன பெறும் என்று அவர்களுக்குத் தெரியும். மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உயில் பொது ஆவணம், அரசுக் கோப்பிலேயே இருக்க வேண்டும், விற்பதற்கில்லை என்று தீர்ப்பு.