மன்னிப்பு உண்டு, பணம் கிடையாது! பிரிட்டன் பெண்களுக்குக் கையை விரித்தது அரசு

பிரிட்டனில் பெண்களுக்கு 60 வயதில் அரசு பென்ஷன்; ஆண்களுக்கு 65. அப்படித்தான் இருந்தது.

1995-ல் ஒரு சட்டம் வந்தது. பெண்களுக்கும் 2020-க்குள் படிப்படியாக 65 என்றது. 2011-ல் இன்னொரு சட்டம்: 2018-லேயே 65, 2020-ல் 66!

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது என்பதில் தகராறு இல்லை. முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்பதுதான் சண்டை. 1950-களில் பிறந்த சுமார் 36 லட்சம் பெண்களின் விவகாரம் இது. வேலையை விட்டு நின்ற பிறகு சேதி தெரிந்து திண்டாடியவர்களும் உண்டு.

நாடாளுமன்றக் குறைதீர்ப்பு அதிகாரி விசாரித்தார். கடிதம் அனுப்பியதில் 28 மாதம் தாமதம்! தலைக்கு 1,000 முதல் 2,950 பவுண்டு வரை கொடுக்கலாம் என்று 2024 மார்ச்சில் சொன்னார்.

அந்த டிசம்பரில் அமைச்சர் லிஸ் கெண்டால் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பணம்? கிடையாது! பத்துக்கு ஒன்பது பேருக்கு மாற்றம் வருவது தெரியும், கொடுத்தால் 1,050 கோடி பவுண்டு வரை ஆகும் என்றது அரசு. வயது கூடப்போகிறது என்று காதில் விழுவது வேறு. தன் பென்ஷன் எந்தத் தேதியில் என்று தெரிவது வேறு அல்லவா?

எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்தப் பெண்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்தான் கெண்டால்!

பெண்கள் பணம் வசூலித்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். மறுபரிசீலனை செய்வதாக 2025 நவம்பரில் அரசு இறங்கி வந்தது. 2026 ஜனவரியில் பதில் வந்தது. மறுபடியும் மன்னிப்பு மட்டும்தான்.