உளநூலும் புள்ளியியலும்

சேலையூரை அடுத்துள்ள தாம்பரத்தில், மரங்கள் செறிந்த சூழலில், 1937ஆம் ஆண்டு முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி விளங்கி வருகின்றது. அதன் மாணவர் விடுதிகளுள் ஒன்று சேலையூரின் பெயரையே தாங்கியுள்ளது. கல்விச் சூழல் நிறைந்த இப்பகுதியில் உளநூல் பயிலத் தொடங்கும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். மனித உள்ளத்தின் மறைபொருளை அறியும் ஆவலோடு வந்தவள் அவள். அவள் கைக்கு வருவதோ தடித்ததொரு புள்ளியியல் நூல்! உள்ளத்திற்கும் எண்ணுக்கும் என்ன உறவு என்று அவள் மலைத்தல் இயல்பே.

அறிவும் அச்சமும் நினைவாற்றலும் கோல் கொண்டு அளக்கத்தக்கன அல்ல. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் அவை வேறுபடும். அவ்வேறுபாட்டை ஆராயும் கருவியே புள்ளியியல். ஒரு குழுவில் நால்வர் பெற்ற மதிப்பெண்கள் 45, 45, 55, 55. மற்றொரு குழுவில் 20, 20, 80, 80. இரண்டிற்கும் சராசரி 50. சராசரியை மட்டும் நோக்குவோர் இரு குழுவும் ஒன்றே என்பர். ஆனால் முன்னதன் திட்ட விலக்கம் 5; பின்னதன் திட்ட விலக்கம் 30. பின்னைய குழுவில் 50 மதிப்பெண் மாணவர்க்கு ஏற்பப் பாடம் நடத்தும் ஆசிரியர், அங்கு இல்லாத மாணவர்க்கே பாடம் நடத்துகின்றார்!

வாய்பாட்டை நெட்டுருச் செய்து தேர்வில் எழுதிவிடுதல் எளிது. அஃது கற்றல் ஆகாது. விடையை மறைத்து வைத்து, எடுத்துக்காட்டுகளைத் தானே செய்து பார்த்தாலன்றி இவ்வியல் வயப்படாது. 1915இல் இங்கிலாந்திலிருந்து தாயகம் திரும்பிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ், ‘பயோமெட்ரிகா’ என்னும் ஆராய்ச்சி இதழின் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பலேறினார். இயற்பியல் பயின்ற அவர், கடற்பயணத்தில் அவற்றைத் தாமே படிக்கலானார். அவரே 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார்.

இவ்வியலை அறியாமையால் விளையும் தீங்கு சிறிதன்று. டேனியல் கானெமன் (1934–2024) என்னும் உளநூலறிஞர், ஒருகால் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளரிடம், கடிதலினும் பாராட்டே பயன் தரும் என்று உரைத்தார். மூத்த பயிற்சியாளர் ஒருவர் அதனை மறுத்தார். நன்கு ஓட்டியவனைப் புகழ்ந்தால் அடுத்த முறை தாழ்கின்றான். தவறியவனைக் கடிந்தால் தேறுகின்றான் என்பது அவர் வாதம். அவர் கண்டது மெய்யே. கொண்ட முடிபே பிழை. எச்செயலிலும் திறமையோடு தற்செயலும் கலந்திருக்கும். மிகச் சிறந்த நாளில் தற்செயல் துணை நின்றிருக்கும். மிகத் தாழ்ந்த நாளில் பகைத்திருக்கும். மறுநாளும் அஃது அவ்வாறே அமைதல் அரிது. எனவே, கடிந்தாலும் கடியாவிடினும், இருவரும் பெரும்பாலும் தத்தம் சராசரியை நோக்கியே மீள்வர். பெற்றோர், மக்கள் ஆகியோரின் உயரங்களை ஆராய்ந்து பிரான்சிஸ் கால்டன் 1886இல் வெளியிட்டதும் இவ்வுண்மையே.

இருபது மதிப்பெண் பெற்ற சிறுவனை அடித்து, அடுத்த தேர்வில் அவன் முப்பது பெற்றதும், அடியே அவனைத் திருத்தியது என்று நம்புவோர் எத்துணையர்! சேலையூர் மாணவி நாளை ஒரு பள்ளியில் பணியாற்றுவாளாயின், அவர்க்கு இக்கணக்கை விளக்க வேண்டியவள் அவளே. குறைந்த மதிப்பெண் பெற்றோரைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரை ஒரு சொல்லும் கூறாது விட்டு, பின்னர் இரு பகுதியினரையும் ஒப்பிட்டாலன்றோ கடிந்ததன் பயன் இன்னதெனத் தெரியும்?