பாதையற்ற பனி நாட்டில் வழிகாட்டிகள்

வழிகாட்டி என்றதும், கோயில்களையும் கோட்டைகளையும் சுற்றிக் காட்டி அவற்றின் வரலாற்றை எடுத்துரைப்பவரே பலருக்கும் நினைவுக்கு வருவார். காட்டுவதற்குக் கட்டடமும், நடப்பதற்குப் பாதையும், ஒதுங்குவதற்கு ஒரு மரமும் இல்லாத நாட்டில் வழிகாட்டிக்கு என்ன வேலை இருக்க முடியும்? வட துருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளில் கோடைக்காலத்தில் பிரயாணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளின் பணியை ஆராய்ந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். பிரயாணியை அந்நாட்டின் அபாயங்களிலிருந்து காப்பது அவர்கள் கடமையில் ஒரு பாதி. அந்நாட்டைப் பிரயாணியிடமிருந்து காப்பது மற்றொரு பாதி.

ஸ்வால்பார்டு தீவுகள் நார்வேக்கு வடக்கே, 74-ஆம் பாகைக்கும் 81-ஆம் பாகைக்கும் இடைப்பட்ட வட அட்சங்களில் அமைந்துள்ளன. அவற்றின் பரப்பு ஏறத்தாழ 61,000 சதுர கிலோமீட்டர். இதில் ஐந்தில் மூன்று பங்கைப் பனியாறுகள் மூடியுள்ளன. 1596-ஆம் ஆண்டில் டச்சு மாலுமி பாரென்ட்ஸ் இத்தீவுகளைக் கண்டறிந்தார். 1920-ல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி இவை நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டன. அவ்வுடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. தலைமை ஊரான லாங்இயர்பியேனில் சுமார் 2,500 மக்கள் வாழ்கின்றனர். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சாலை கிடையாது. ஏப்ரல் மாதப் பிற்பகுதி முதல் ஆகஸ்டுப் பிற்பகுதி வரை இங்குச் சூரியன் மறைவதே இல்லை. பள்ளத்தாக்குகளில் பனி உருகி நிலம் வெளிப்படும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களே நடைப் பயணத்திற்கு ஏற்ற பருவம்.

உறைநிலத்தின் மேல் நடை

இத்தீவுகளின் மண், பள்ளத்தாக்குகளில் சுமார் 100 மீட்டர் ஆழம் வரையிலும், மலைகளில் அதனினும் பன்மடங்கு ஆழத்திற்கும் நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. கோடையில் மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் மட்டுமே இளகும். உருகிய நீர் கீழே இறங்க வழியின்றி மேல் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆண்டு மழையளவில் பாலைவனத்தை ஒத்த இந்நாட்டில், கால் வைத்த இடமெல்லாம் சேறாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நீர் உறையும்போது விரிவடைந்து மண்ணை உயர்த்துகிறது. இளகும்போது மண் தாழ்கிறது. பல நூற்றாண்டுகளாக இது நிகழ்வதால் கற்கள் மண்ணிலிருந்து பிரிந்து, மனிதர் அடுக்கி வைத்தாற்போல் வட்டங்களாக அமைகின்றன. வழிகாட்டி இவ்வட்டங்களின் கல் விளிம்பின்மீது நடக்கும்படி சொல்வார். கல் உறுதியாக இருப்பது ஒரு காரணம். பாசியும் புல்லும் மிதிபடாமல் தப்புவது மற்றொரு காரணம். இங்கு வளரும் வில்லோ இனத்துச் செடி தரையோடு தரையாகச் சில சென்டிமீட்டர் உயரமே எழும். வளரும் பருவமோ சில வாரங்களே. ஈரப் பாசியில் பதிந்த ஒரு காலடித் தடம் மறையப் பல ஆண்டுகள் ஆகும். எனவே, மென்னிலத்தைக் கடக்கும்போது பிரயாணிகள் ஒருவர் பின் ஒருவராகச் செல்லாமல் பரவி நடக்க வேண்டும். ஒரே தடத்தில் பலர் நடந்தால் அங்கே பாதை உண்டாகிவிடும். பாதை உண்டான இடத்தில் மண் அரிப்புத் தொடங்கும்.

1946-க்கு முற்பட்ட மனிதச் சின்னங்கள் யாவும் இங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பதினேழாம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்கு வந்து மாண்டோரின் கல்லறைகளும், வேட்டைக்காரர்களின் குடிசைகளும் கடற்கரைகளில் காணப்படுகின்றன. சிதறிக் கிடக்கும் ஒரு பழைய பலகையையும் எரிவிறகாகக் கொள்ளலாகாது.

ஆறும் பனியாறும்

பனியாற்றிலிருந்து புறப்படும் ஓடைகளுக்குப் பாலம் கிடையாது. பாறைத் துகள் கலந்து கலங்கியிருப்பதால் அவற்றின் அடி கண்ணுக்குத் தெரியாது. சூரியன் மறையாத காலத்திலும் இரவில் அது தாழ்ந்து நிற்பதால் பனி உருகுவது குறைகிறது. ஆதலால் அதிகாலையில் ஓடையின் மட்டம் குறைந்தும், மாலையில் மிகுந்தும் காணப்படும். காலையில் முழங்காலளவு நீரில் கடந்த ஓடை, மாலையில் திரும்பும்போது இடுப்பளவு பெருகியிருக்கக் கூடும். ஓடை பல கிளைகளாக அகன்று ஓடும் இடத்தையே வழிகாட்டி தேர்ந்தெடுக்கிறார்; குறுகிய இடத்தில் ஆழமும் வேகமும் அதிகம். தடியால் ஆழம் பார்த்து அவரே முதலில் இறங்குவார். முதுகு மூட்டையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடும்படி மற்றவர்களுக்குச் சொல்வார். கால் இடறி விழுந்தவர் மூட்டையைக் கழற்றி எறிய இயலாவிடில், அதன் பாரமே அவரை நீரில் அமிழ்த்திவிடும்.

பனியாற்றின்மீது நடப்பதற்கு வேறு கவனம் தேவை. பனிக்கட்டி மெல்ல நகரும்போது அதில் ஆழமான பிளவுகள் உண்டாகின்றன. அவற்றைப் புதுப்பனி மூடியிருக்கும் இடங்களில் அனைவரும் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுப் பிணைக்கப்படுகின்றனர். ஒருவர் பிளவில் விழுந்தால் மற்றவர்களின் எடை அவரைத் தாங்கும்.

வெண்கரடியின் நாட்டில்

இவை அனைத்தினும் பெரிய பொறுப்பு வெண்கரடியைப் பற்றியது. ஏறத்தாழ 300 கரடிகள் ஆண்டு முழுவதும் இத்தீவுகளைச் சார்ந்தே வாழ்வதாக விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளனர். ஊர் எல்லையைக் கடப்போர் கரடியை விரட்டுவதற்கான சாதனத்தைக் கையில் வைத்திருக்க வேண்டுமென்பது சட்டம். வழிகாட்டிகள் ரைஃபிளும் சமிக்ஞைத் துப்பாக்கியும் ஏந்திச் செல்கின்றனர். ஆயினும் 1973 முதல் இக்கரடி பாதுகாக்கப்பட்ட விலங்கு. உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றி அதைச் சுடலாகாது. சுட்டால் விசாரணை நடைபெறும்.

ஆகவே, கரடியைச் சந்திக்காமல் இருப்பதே வழிகாட்டியின் முதல் திறமை. ஒவ்வொரு மேட்டையும் ஏறிக் கடக்குமுன் அவர் நின்று, தொலைநோக்கியால் எதிர்ப்புறத்தை நிதானமாக ஆராய்வார். மஞ்சள் கலந்த வெண்மையான புள்ளி ஒன்று பழம்பனியா, பாறையா, கரடியா எனத் தெளியும்வரை எவரும் அடியெடுத்து வைப்பதில்லை. கரடிகள் பெரும்பாலும் கரையோரமாகவே நடமாடுவதால் கடற்கரையை ஒட்டிக் கூடாரம் அடிப்பதும் தவிர்க்கப்படுகிறது. கூடாரங்களைச் சுற்றிக் காவல் கம்பி கட்டப்படும். அதில் கரடி இடித்தால் வெடி முழங்கும். ஆனால் கம்பியை மட்டும் நம்பலாகாது. 2011 ஆகஸ்டில் மாணவர்களின் முகாம் ஒன்றில் அக்கம்பி வேலை செய்யவில்லை. முகாமுக்குள் புகுந்த கரடியால் ஒரு மாணவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர், கரடியும் சுடப்பட்டது. எனவே பிறர் உறங்கும்போது ஒருவர் முறை வைத்து விழித்திருப்பது இன்றியமையாதது.

2025-ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல், கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டுமென்ற விதி அமலுக்கு வந்துள்ளது. மார்ச்சு முதல் ஜூன் முடிய இத்தொலைவு 500 மீட்டர். கரடி அதற்குள் வந்துவிட்டால் மனிதரே பின்வாங்க வேண்டும். நெடுந்தூரம் வந்த பிரயாணிகள் படமெடுக்க ஆவலுறுவது இயல்பே. அவ்வேளையில் மறுத்துக் கூறித் திருப்பி அழைத்துச் செல்வது, துப்பாக்கியைக் கையாள்வதினும் கடினமான கலை எனலாம்.

மாறிவரும் நிலம்

உலகச் சராசரியைப்போல் பல மடங்கு வேகத்தில் இத்தீவுகளில் வெப்பநிலை உயர்ந்து வருகிறது. கடற்பனி குறைவதால், சீல்களை வேட்டையாடிய கரடிகள் கோடையில் நிலத்திலேயே நெடுங்காலம் தங்கிப் பறவை முட்டைகளைத் தின்கின்றன. உறைநிலம் இளகுவதால் மலைச்சரிவுகள் நிலைகுலைகின்றன. சென்ற ஆண்டு கடந்த பனியாற்று விளிம்பு இவ்வாண்டு அதே இடத்தில் இருப்பதில்லை. அனுபவம் வாய்ந்த வழிகாட்டியும் தம் பழைய நினைவை நம்பாமல், ஒவ்வொரு பருவத்திலும் நிலத்தைப் புதிதாகக் கற்க வேண்டியவராகிறார்.

இம்மாறுதல்களை அளந்தறியும் பணியில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலுள்ள நீ-ஒலசுன் என்னும் குடியிருப்பில் 2008-ஆம் ஆண்டில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அங்குள்ள கடற்கழியில் 2014-ல் இந்திய விஞ்ஞானிகள் நீரினடியில் நிறுவிய கருவித்தொகுதி, கடலின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் பதிவு செய்தது. நிலையத்தை விட்டு வெளியே செல்லும்போது அவர்களும் அதே கரடியை எதிர்பார்த்து, அதே எச்சரிக்கையுடன்தான் நடக்கின்றனர்.

பயணம் முடிந்து ஊர் திரும்பும் வழிகாட்டி, துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்து எண்ணி வைக்கிறார். புறப்பட்டபோது இருந்த தோட்டாக்கள் அனைத்தும் அப்படியே இருக்குமாயின், அப்பயணம் நன்கு நடந்ததென்று பொருள்.