மேட்டில் வெட்டினால் பள்ளத்தில் யார் அழுவது?



மலை மேலே காட்டை அழிக்கிறார்கள் என்று பேச்சு வந்தால் நம் லயத்தில் என்ன பதில் வருகிறது? "அவன் நிலம், அவன் வெட்டுறான். நமக்கென்னப்பா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். மேட்டில் பெய்யும் மழை மேட்டிலேயே நிற்குமா? அதற்குப் பள்ளம்தானே போக்கிடம். அந்தப் பள்ளத்தில் குடியிருப்பது யார்? கம்பத்துக்காரர்களும் தோட்டத்து மக்களும்தான்.

கெடா மாநிலம் பாலிங் மாவட்டத்தில் கூப்பாங் வட்டாரத்தில் இருக்கிறது ஈபோய் கம்பம். 2022-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் மாலை, மலையிலிருந்து திடீரென்று வெள்ளம் இறங்கியது. வந்தது வெறும் தண்ணீர் இல்லை. சேறும் பாறையும் முழு முழு மரக்கட்டைகளுமாகச் சேர்ந்து வந்தன. வீடுகள் நொறுங்கின. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் வயிற்றில் பிள்ளையோடு இருந்த இளம்பெண்.

மேலே இருப்பது குனோங் ஈனாஸ் மலை. அங்கே காட்டை வெட்டி மூசாங் கிங் டுரியான் தோட்டம் போட்டிருந்தார்கள். உறைய வைத்த முழு டுரியானைச் சீனா 2019-ல் இறக்குமதி செய்யத் தொடங்கியது. அதிலிருந்து மூசாங் கிங் என்றால் பணம் என்றாகிவிட்டது. மலைக்காடுகளின் மேல் எத்தனையோ பேருக்குக் கண் விழுந்தது.

வெள்ளத்துக்கு மலையில் நடந்த காடழிப்பே காரணம் என்றார்கள் கம்பத்து மக்கள். பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற இயற்கைப் பாதுகாப்பு இயக்கமும் காடழிப்பை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தது. மாநில அரசு டுரியான் தோட்டத்தின் மேல் போட்ட பழியை ஏற்கவில்லை. கனமழை பெய்தது என்பதும் உண்மைதான். ஓராண்டுக்கு முன்னால், 2021 ஆகஸ்ட் 18-ல், குனோங் ஜெராய் மலையிலிருந்து யான் பகுதிக்கு இதுபோலவே வெள்ளம் பாய்ந்து உயிர்களைக் கொண்டு போயிற்று. அங்கே பெருமழையும் மண்சரிவும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆகவே மலைவெள்ளம் ஒவ்வொன்றுக்கும் மரம் வெட்டியவனே காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

ஆனால் வெட்டவெளியான மலையில் மழை என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பால்மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்தபோது தோட்டத்தில் என்ன செய்தார்கள்? சரிவில் படிப்படியாக மண்ணை வெட்டி மட்டம் செய்தார்கள். கான் தோண்டினார்கள். புயேராரியா, கலப்பகோனியம் என்ற கொடிகளை விதைத்துத் தரையை மூடினார்கள். எதற்கு? மண் ஓடிவிடக் கூடாது என்பதற்குத்தான். வெள்ளைக்கார துரைகூட லாபத்தைக் கணக்குப் பார்த்து இந்தச் செலவைச் செய்தான். மண் போனால் மரம் போகும், மரம் போனால் வரவு போகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

காட்டில் இலையும் சருகும் வேரும் மழையைத் தாங்கிப் பிடித்து மெல்ல மெல்ல விடும. காட்டை உரித்துவிட்டால் அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் ஓடையில் இறங்கும். வெட்டிப் போட்ட கட்டைகள் ஓடையை அடைத்துக்கொள்ளும். அடைப்பு உடையும்போது கீழே இருப்பவனுக்கு ஓடக்கூட நேரம் கிடைக்காது.

"நமக்கு நிலமா சொந்தம், நாம கேள்வி கேக்க?" என்பீர்கள். நிலம் சொந்தமில்லாவிட்டாலும் குடிக்கிற தண்ணீர் நம்முடையது. பாலிங் பக்கத்து மலைநீர் கெட்டில் ஆற்றில் சேர்ந்து, கோலக்கெட்டிலில் மூடா ஆற்றோடு கலக்கிறது. பினாங்கு மாநிலத்தின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி அந்த மூடா ஆற்றுத் தண்ணீர்தான். மலையில் விழும் கோடரி எத்தனை அடுப்படிக்குப் போய்ச் சேர்கிறது பாருங்கள்!

"டுரியான் தோட்டம் வந்தா நாலு பேருக்கு வேலை கிடைக்குமே?" கிடைக்கட்டும். வேலை வேண்டாம் என்று யார் சொன்னது? எந்தச் சரிவில், எவ்வளவு, எப்படி வெட்டப் போகிறீர்கள் என்று கேட்பது வேலையைக் கெடுப்பதாகாது.

கேட்பதற்குச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. நிலமும் காடும் மாநில அரசின் கையில் என்பது நாட்டின் அரசியல் சட்டம். அனுமதி தருவதும் மாநிலம், அதில் வருமானம் பார்ப்பதும் மாநிலம். இருந்தாலும் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 500 ஹெக்டரோ அதற்கு மேலோ காட்டை விவசாய நிலமாக மாற்றும் திட்டத்துக்கு, சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறித்த நாட்களுக்குள் யாரும் கருத்து எழுதி அனுப்பலாம். நிலப்பட்டா வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 500 ஹெக்டருக்குக் குறைந்த திட்டங்களுக்கு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் கட்டாயம் இல்லை என்பதுதான் ஓட்டை. பெரிய நிலத்தைத் துண்டு துண்டாகக் காட்டினால் அந்த ஓட்டை வழியாக நுழைந்துவிடலாம். இதை அடைக்கச் சொல்லி நம் சட்டமன்ற உறுப்பினரைக் கேட்க வேண்டியது நம் கடமை.

பாலிங் மக்கள் வாய் திறந்த கதை நாட்டுக்குப் புதிதல்ல. 1974 நவம்பரில் ரப்பர் விலை விழுந்து, சிறு தோட்டக்காரர்கள் வீட்டில் உலை கொதிக்காதபோது ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். டிசம்பரில் கோலாலம்பூரில் மாணவர்களும் அவர்களுக்காக வீதிக்கு வந்தார்கள். அன்று பசி வந்த பிறகு கேட்டார்கள். வெள்ளமோ வந்த பிறகு கேட்க ஆளை மிச்சம் வைப்பதில்லை.

ஆகவே, மலை மேலே புல்டோசர் ஏறுவதைப் பார்த்தால் சும்மா இராதீர்கள். ஓடைத் தண்ணீர் மழையில்லாத நாளிலும் செம்மண்ணாக வந்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள், படம் பிடித்து வையுங்கள். பத்துப் பேர் கையெழுத்திட்டு மாவட்ட நில அலுவலகத்துக்கும் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்து மலாய்க்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்கு இனம் தெரியாது. நம் கடிதத்திலும் அது தெரிய வேண்டாம்.