ஆப்பிரிக்க வீரர் ஐரோப்பாவுக்குப் போனால், அவரை வளர்த்த கிளப்புக்கு என்ன கிடைக்கும்?

செனகலின் பம்பாலி கிராமத்தில் பிறந்த சாடியோ மானே, 2011-ல் பிரான்ஸின் மெட்ஸ் கிளப்பில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். பிறகு 2014-ல் சவுத்தாம்ப்டன், 2016-ல் லிவர்பூல், 2022-ல் பயர்ன் மியூனிக், 2023-ல் சவுதியின் அல் நசர். அவரை வாங்க கிளப்புகள் கோடிகளைக் கொட்டின. சரி, அவரைத் தயார்செய்த ஊருக்கு இதில் என்ன பங்கு? ஃபிஃபாவிடம் இதற்கு ஒரு கணக்கு இருக்கு.

அது என்ன கணக்கு?

ஒப்பந்தம் முடியும் முன்பே ஒரு வீரர் வேறு நாட்டு கிளப்புக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தைப் பிடித்து, 12 முதல் 23 வயது வரை அவருக்குப் பயிற்சி தந்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 0.5 சதவீதம்.

உதாரணமாக, ஒரு பையன் 12 வயதிலிருந்து ஆறு சீசன் ஒரே கிளப்பில் இருந்துவிட்டு, 18-ல் வெளிநாடு போகிறான். பின்னாளில் 1 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டால், அந்தக் கிளப்புக்கு 2 லட்சம் யூரோ கிடைக்கும். ஐரோப்பாவில் இது சில்லறைதான். ஆப்பிரிக்காவின் ஒரு சின்ன கிளப்புக்கு இது பல வருஷச் செலவு.

பணம் ஒழுங்காக வந்து சேருகிறதா?

அங்கேதான் சிக்கல். பையன் எந்த வருஷம் எங்கே ஆடினான் என்ற பதிவு இல்லையென்றால் உரிமை கோர முடியாது. தேசிய கால்பந்து சங்கத்தில் இணையாத தனியார் அகாடமிகளுக்கும் பங்கு இல்லை. ஒப்பந்தம் முடிந்து வீரர் இலவசமாக மாறினால், சதவீதம் கணக்கிடத் தொகையே இருக்காது. கேட்டால்தான் பணம் என்ற நிலையை மாற்ற, 2022 நவம்பரில் பாரிஸில் 'கிளியரிங் ஹவுஸ்' என்ற அமைப்பை ஃபிஃபா தொடங்கியது. வீரரின் மின்னணுப் பதிவை வைத்து, யாருக்கு எவ்வளவு என்பதை இப்போது அதுவே கணக்கிட்டு அனுப்புகிறது.

அகாடமிகள் என்ன செய்கின்றன?

மானே வந்தது டக்காரின் ஜெனராசியோன் ஃபூட் அகாடமியிலிருந்து. 2003 முதல் அதற்கும் மெட்ஸுக்கும் கூட்டு. மெட்ஸ் பண உதவி செய்யும். நன்றாக ஆடும் பசங்க மெட்ஸுக்குப் போவார்கள். இஸ்மாயிலா சார், பப்பே மத்தார் சார் இருவரும் இதே வழியில் போனவர்கள்தான். பசங்களுக்குப் பாதை உறுதி. ஆனால் பெரிய விலைக்கு விற்கும் இடத்தில் இருப்பது மெட்ஸ்தான்.

கானாவின் 'ரைட் டு ட்ரீம்' இதைத் திருப்பிப் போட்டது. 2015-ல் டென்மார்க்கின் நார்ட்ஷெலாண்ட் கிளப்பையே வாங்கிவிட்டது. அகாடமியில் வளர்ந்த முகமது குடுஸ் 2018-ல் அங்கே போனார்; 2020-ல் அயாக்ஸ் அவரை வாங்கியபோது, விற்றது அகாடமியின் சொந்தக் கிளப்.

இந்தப் பாதைக்கு வெளியே இருப்பவர்கள்?

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்பது ஃபிஃபா விதி. சில விலக்குகள் மட்டும் உண்டு. இதை மீறியதற்காக 2014-ல் பார்சிலோனாவுக்கே தடை விதிக்கப்பட்டது. ஆனால் போலி ஏஜென்டுகளை விதி தடுப்பதில்லை. 'ட்ரயல் இருக்கு' என்று சொல்லி குடும்பத்திடம் பணம் வாங்கி, பையனை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய் நடுத்தெருவில் விட்டுவிடுகிறார்கள். அப்படித் தவித்த சிறுவர்களுக்காகவே கேமரூனின் முன்னாள் வீரர் ஜான்-குளோத் எம்புவூமின் 2000-ல் பாரிஸில் 'ஃபூட் சாலிடேர்' அமைப்பைத் தொடங்கினார்.

உண்மையான கிளப் ஒரு வீரரை வேண்டுமென்றால், முறைப்படி அழைப்புக் கடிதம் அனுப்பும்; அந்தக் கிளப்பைத் தொடர்புகொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம். முதலில் குடும்பத்திடம் காசு கேட்பவர், பெரும்பாலும் கிளப்பின் ஆளாக இருப்பதில்லை. நிலத்தை விற்கும் முன் ஒரு அப்பாவுக்கு இது தெரிந்தால் போதும், ஒரு பையன் தப்பிப்பான்.