துணியும் தேசமும் – 7: யாருடைய லேபிள்?

இன்று நியூசிலாந்தின் ஆக்லாந்துப் புறநகரான கிளென்ஃபீல்டின் மாலுக்குள் போனால், அளவுச் சீட்டைப் பார்த்து ஒரு கவுனைப் போட்டுப் பார்த்து, பத்தே நிமிடத்தில் வாங்கி வந்துவிடலாம். அந்த மால் 1971-இல் வந்தது. 1952-இல் இந்தப் பகுதி பழத்தோட்டங்களும் பண்ணைகளுமாகக் கிடந்தது. ஆக்லாந்து நகரத்தோடு இணைக்கும் துறைமுகப் பாலமே 1959-இல்தான் திறக்கப்பட்டது.

அந்த 1952-இல்தான் பாரிஸில் கேபி அகியோன் ஆறு பருத்திப் பாப்ளின் கவுன்களோடு 'குளோயே' நிறுவனத்தைத் தொடங்கினார்.

கேபி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். கணவர் ரேமோனுடன் பாரிஸில் குடியேறினார். வசதிக்குக் குறைவில்லை, ஆனால் வேலை செய்யாமல் இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றைய பாரிஸில் நல்ல உடை வேண்டுமென்றால் டியோர் போன்ற நிறுவனங்களில் திரும்பத் திரும்ப அளவு கொடுத்து, பெருந்தொகை செலவழித்துத் தைத்துக்கொள்ள வேண்டும். முடியாதவர்கள் தெருமுனைத் தையல்காரரிடம் அதே மாதிரியைத் தைக்கச் சொல்வார்கள். ரெடிமேட் என்றால் மட்டம் என்ற எண்ணம் ஊறியிருந்தது. உயர்ந்த துணி, தேர்ந்த தையல், உடலை இறுக்காத வெட்டு எல்லாம் இருக்கட்டும், அளவெடுப்பது மட்டும் வேண்டாம் என்று கேபி முடிவு செய்தார். வீட்டுக்கு மேலே பணிப்பெண்ணுக்கென இருந்த சிறு அறையே பட்டறை. தைத்ததைத் தானே கடைகளுக்கு எடுத்துப் போய் விற்றார்.

கடைக்காரர்கள் தங்கள் கடையின் லேபிளை வைத்து விற்பது அன்றைய வழக்கம். கேபி அதற்கு இணங்கவில்லை. தோழி ஒருத்தியின் பெயரான 'குளோயே'தான் உள்ளே இருக்க வேண்டும் என்றார். அந்த ஆறு கவுன்களைவிட இந்தப் பிடிவாதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1953-இல் ஜாக் லெனுவார் பங்குதாரராகச் சேர்ந்து வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டார்.

சரி, அதே காலத்தில் ஆக்லாந்துப் பெண்ணுக்குப் பாரிஸ் உடை எப்படிக் கிடைத்தது? அந்நியச் செலாவணி தீர்ந்துகொண்டிருந்த 1938-இல் நியூசிலாந்து அரசு இறக்குமதிக்கு உரிமக் கட்டுப்பாடு விதித்தது. வெளிநாட்டு உடைகள் வந்திறங்குவது அரிதாயிற்று. ஆகவே டியோர் உடைகள் இங்கேயே தைக்கப்பட்டன. கஸ் ஃபிஷரின் 'எல் ஜே' நிறுவனம் 1950களில் டியோரின் உரிமம் பெற்றது. ஃபிஷர் பாரிஸ் போய் மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து வருவார். அவற்றை ஆக்லாந்துத் தொழிலாளர்கள் வெட்டித் தைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. எல் ஜே தன் சொந்தப் பெயரிலும் கோட்டுகளும் சூட்டுகளும் தயாரித்தது. ஆனாலும் அந்தக் கைகளின் தேர்ச்சியில் பெரும்பகுதி பாரிஸ்காரரின் புகழுக்கே போய்ச் சேர்ந்தது என்பது என் ஆதங்கம்.

1980களில் இறக்குமதிக் கதவு திறந்தது. உள்ளூர்த் தையல் ஆலைகள் பல மூடப்பட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எல் ஜேயும் நின்றது. ஃபிஷரின் பெயரை இன்று ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஷார்ட்லண்ட் தெருக் கலைக்கூடம் தாங்கியிருக்கிறது.

கேபி தன் பெயரை லேபிளில் போடவே இல்லை. பின்னால் இருந்துகொண்டு இளம் வடிவமைப்பாளர்களைத் தேடிப் பிடித்தார். 1960களில் அப்படி உள்ளே வந்தவர்களில் ஒருவர் கார்ல் லாகர்ஃபெல்ட். அவரைப் பற்றி அடுத்த வாரம்.