ஜவ்வாது மலைக் காடும் பாலாற்று வெள்ளமும்

ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு, 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியது. அம்மாதம் 19-ஆம் தேதி பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் உயிரிழந்தனர். இத்தகைய வேளைகளில் காடழிப்பே காரணம் என்ற பேச்சு எழுவது வழக்கம். அதில் எவ்வளவு உண்மை உண்டு என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

அன்றைய மழை வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் கொண்டுவந்தது. ஜவ்வாது மலை முழுவதும் அடர்வனமாக இருந்திருந்தாலும் அது பெய்தே இருக்கும். தென்மேற்குப் பருவமழையின் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இலைவழியே வெளிவிடும் ஈரம், அப்பருவத்தில் தமிழகம் பெறும் மழையில் கணிசமான பங்கு வகிப்பதாக மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் எழுதினர். வேலூரின் ஆடி மழைக்குக் குடகில் விழும் கோடரியோடு உறவு உண்டு என்றே கொள்கிறேன்.

உள்ளூர்க் காட்டின் வேலை மழை விழுந்த பிறகு தொடங்குகிறது. சருகு மெத்தை துளியின் வேகத்தைத் தணிக்கிறது. வேர்கள் விட்ட துளைகள் வழியே நீர் மண்ணுள் இறங்கி, வாரக்கணக்கில் ஊற்றாகக் கசிகிறது. மொட்டைச் சரிவிலோ துளிகள் மண்ணின் மேற்பரப்பை இறுக்கிவிடும். நீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடி ஏரிகளைத் தூர்க்கும். தூர்ந்த ஏரி அடுத்த மழையைத் தாங்காது. சந்தன மரங்கள் கடத்தலுக்கு இரையான மலை இது. (குரோமியம் வருமுன் நம் தோல் தொழிலும் ஆவாரம் பட்டையை நம்பியே இருந்தது.) ஆனால் நாள்கணக்கில் பெய்து மண் நிறைந்துவிட்டால் காடும் கைவிரிக்கும். 1903 நவம்பரிலேயே பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியிருக்கிறது.

ஆகவே பெருவெள்ளத்தைவிட, ஆண்டுதோறும் வரும் நடுத்தர மழையை வைத்தே காட்டின் மதிப்பை அளக்க வேண்டும். தோல் கழிவின் உப்பு ஊறிய இப்பகுதிக்கு அது உயிர்ப் பிரச்சினை. 1996-இலும் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இந்த மாசு குறித்துத் தீர்ப்பளித்தது. கழிவைத் தடுப்பது முதல் கடமை. ஏற்கெனவே நிலத்தடியில் சேர்ந்த உப்பு நீர்த்துப்போக, மெல்ல இறங்கும் நன்னீர் வேண்டும். இரண்டு மூன்று நாளில் கடலுக்கு ஓடிவிடும் வெள்ளம் அதற்கு அவகாசம் தருவதில்லை. மரக்கன்று நடும் பணம் நெடுஞ்சாலை ஓரங்களைவிட, நாகநதி போன்ற ஓடைகள் பிறக்கும் மலைச்சரிவுகளுக்கே முதலில் போக வேண்டும் என்பது என் கருத்து.